டெட்ராய்ட் லயன்ஸ்: சாபத்தைத் தீர்த்த கணக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணி தோற்றுக்கொண்டே இருந்தால் கோச்சோடு ஜெனரல் மேனேஜரையும் மாற்றிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர் மைதானத்தில் இறங்கப்போவதில்லை, பயிற்சியும் கொடுக்கப்போவதில்லை. பிறகு எதை வைத்து அணியை நிமிர்த்துகிறார்?”

பெரும்பாலும் கணக்கை வைத்துத்தான். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கதையிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957-இல். அடுத்த ஆண்டே பாபி லேன் என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ‘இன்னும் ஐம்பது வருஷத்துக்கு இந்த அணி ஜெயிக்காது’ என்று அவர் சாபமிட்டுப் போனதாக ஒரு கதை அந்த ஊரில் உண்டு. அதன்பின் 2023 வரை லயன்ஸ் வென்ற பிளேஆஃப் ஆட்டம், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் ஆட்டம், ஒன்றே ஒன்று. 2008 சீசனில் பதினாறு ஆட்டங்கள் ஆடிப் பதினாறிலும் தோற்றார்கள். இப்படிப்பட்ட சாபக் கதைகள் எனக்குக் கோபமூட்டுகின்றன. தவறான முடிவுகளை எடுத்தவர்களுக்கு அவை ஒரு மறைவிடம் அமைத்துத் தருகின்றன. சாபம்தான் காரணம் என்றான பிறகு யாரும் கணக்கைப் பார்ப்பதில்லை.

2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் ஜெனரல் மேனேஜராக, அதாவது அணிக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்பவராக வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்காகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவின் தலைவராக இருந்தவர். அவருக்கு முன்னால் இருந்த விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. 2024-இல் அது 255.4 மில்லியன் டாலர். கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை ஆண்டுதோறும் டிராஃப்ட் முறையில் ஏழு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஐ.பி.எல். ஏலத்தைப் போலப் பணத்தைக் காட்டிக் கேட்பது இங்கே கிடையாது. போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. இப்படித் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு உரிமையையும் பிக் என்கிறார்கள். வேண்டுமென்றால் அதை வேறு அணிக்குக் கைமாற்றலாம். அடுத்த ஆண்டுகளின் பிக்குகளையும் கைமாற்றலாம்.

தேர்வான புதியவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே அவருடைய சம்பளத்தை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. 20 மில்லியனுக்கு ஆடக்கூடியவர் 2 மில்லியனுக்கு ஆடினால் மிச்சம் 18 மில்லியன், அதை வேறு ஆட்டக்காரருக்குச் செலவழிக்கலாம். உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் லீக்கில் இந்த மிச்சத்தை யார் அதிகம் சேர்க்கிறார் என்பதுதான் போட்டியே.

அப்படியானால் 1-ஆவது பிக்கின் மதிப்பு என்ன, 30-ஆவது பிக்கின் மதிப்பு என்ன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

1989-இல் டாலஸ் கௌபாய்ஸ் அணி ஒரே ஒரு ஆட்டம் வென்று பதினைந்தில் தோற்றது. அந்தச் சீசனின் நடுவிலேயே தங்கள் பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பிக்குகளாக வாங்கிக் குவித்தார்கள். கையில் இவ்வளவு பிக் இருந்தால் தினமும் யாராவது பேரம் பேச வருவார்கள். எது லாபம், எது நஷ்டம் என்று சட்டென்று சொல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. அணி உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸின் தொழில் கூட்டாளி மைக் மெக்காய் 1991 வாக்கில் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் பிக்குக்கு 3000 புள்ளி, பத்தாவதற்கு 1300, முப்பத்திரண்டாவதற்கு 590. கோச் ஜிம்மி ஜான்சன் பெயரால் அது பரவி, நாளடைவில் லீக் முழுவதும் அதையே விலைப்பட்டியலாக வைத்துக்கொண்டது.

அந்த எண்களை மெக்காய் எப்படிப் பிடித்தார்? முந்தைய சில ஆண்டுகளில் அணிகள் செய்த பிக் பரிமாற்றங்களைத் திரட்டி, அவற்றின் ஊடே ஒரு வளைகோட்டை வரைந்தார். அதாவது அந்த அட்டவணை அளந்தது, மக்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மட்டுமே. எடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் பிறகு எப்படி ஆடினார்கள் என்பது அதில் இல்லவே இல்லை. பழைய பேரங்களிலிருந்து பிறந்த பட்டியலைப் பார்த்துப் புதிய பேரங்கள் நடந்தன. அந்தப் பேரங்கள் பட்டியலோடு ஒத்துப்போனதால் பட்டியல் சரி என்ற நம்பிக்கை வலுத்தது. ஒரு பிழை தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது!

இதைப் பிடித்தவர்கள் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். தேலர் பின்னர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் ஒரு நேரடியான கேள்வி கேட்டார்கள். மைதானத்தில் ஒரே இடத்தில் ஆடும் இருவர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முதலில் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிடச் சிறந்து விளங்கியது எத்தனை முறை? 52 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைத்துவிடும். மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, ஓடவிட்டு, நேர்காணல் நடத்திய நிபுணத்துவம் அதற்கு மேல் சேர்த்தது வெறும் இரண்டு புள்ளிகள்.

முதல் பிக்கை எடுக்கிறவர் நிச்சயம் சராசரியில் நல்லவர்தான், ஆனால் அட்டவணை சொல்கிற அளவுக்கு இல்லை. பட்டியலின்படி முதல் பிக் ஒன்று முப்பத்திரண்டாவது பிக் ஐந்துக்குச் சமம். உண்மையான ஆட்டமோ அவ்வளவு செங்குத்தாகச் சரிவதில்லை. சம்பளத்தையும் கழித்துப் பார்த்தபோது, அன்றைய விதிகளில் அதிக மிச்சம் தந்தது இரண்டாம் சுற்றின் தொடக்கப் பகுதி. அணிகள் அடித்துப்பிடித்து வாங்கிய முதல் பிக்குகள் அல்ல.

ஒரு பேச்சுக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள். உயர்ந்த பிக் ஒன்றில் நல்ல ஆட்டக்காரர் அமைய 60 சதவீத வாய்ப்பு, சற்றுத் தாழ்ந்த பிக்கில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த பிக் இரண்டு இருந்தால், இரண்டுமே பொய்த்துப்போக வாய்ப்பு 0.6 × 0.6, அதாவது 36 சதவீதம். ஆக, குறைந்தது ஒருவராவது தேற வாய்ப்பு 64. இருவருமே தேற 16 சதவீத வாய்ப்பு கூடுதலாகக் கையில் நிற்கிறது. பள்ளியில் படித்த நிகழ்தகவுதான் இது.

“விளையாட்டைப் பற்றி ஆய்வு செய்ய எதற்குப் பணம்?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஆள் எடுத்தவர் யார், எவ்வளவு சம்பளம், அந்த ஆள் பிறகு எப்படி வேலை செய்தார் என்ற மூன்றும் பொதுவெளியில் கிடைக்கும் துறை வேறு எங்கே இருக்கிறது? மனிதர்கள் மனிதர்களை எடைபோடும் விதத்தை இவ்வளவு துல்லியமாக அளக்க வேறு ஆய்வகம் கிடைக்காது. நம் பல்கலைக்கழகங்களும் இத்தகைய ஆய்வுகளுக்குத் தாராளமாக நிதி கொடுக்க வேண்டும்.

2011-இல் புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் வந்தபோது முதல் பிக்குகளின் நிலை சற்று மாறியது. 2010-இல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன். அடுத்த ஆண்டு கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 22 மில்லியன். குவார்ட்டர்பேக் என்றால் மேலே போய் எடுப்பதில் நியாயம் உண்டு. மற்ற இடங்களுக்கு, கீழே இறங்கி எண்ணிக்கையைக் கூட்டுவதே இன்னும் நல்ல கணக்கு என்பது என் கருத்து.

ஹோம்ஸ் வந்த சில வாரங்களிலேயே, பன்னிரண்டு சீசன் ஆடிய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ராம்ஸின் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃப், 2021-இன் மூன்றாம் சுற்று பிக், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள் வந்தன. ஸ்டாஃபோர்டோடு ராம்ஸ் அந்தச் சீசனே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. டெட்ராய்ட்டோ முதல் வெற்றியைப் பார்க்க டிசம்பர் வரை காத்திருந்தது.

இங்கே மாஸியும் தேலரும் கண்ட இன்னொரு விஷயம் பொருந்துகிறது. அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று பிக்குக்கு விற்கும் வழக்கம் இருந்தது. அந்த அவசரத்துக்கு அணிகள் கொடுத்த வட்டி, இருவரின் கணக்குப்படி, ஆண்டுக்கு 136 சதவீதம்! வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் நாளையை இப்படி அடிமாட்டு விலைக்கு விற்பார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பயம் குறைவு. 2022-இன் தொடக்கத்திலும் லயன்ஸ் ஒன்று வென்று ஐந்தில் தோற்றிருந்தபோது, உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் செய்தியாளர்கள் முன் வந்து ஹோம்ஸையும் கோச் டான் கேம்பலையும் ஆதரித்துப் பேசினார். அவர் கொடுத்தது நேரம். வட்டி வாங்கும் இடத்தில் அணியை நிற்கவைத்தது அதுதான்.

அதே சீசனில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்தது. 2021-இல் வாங்கிப்போட்ட பிக் ஆறாவது பிக்காகப் பழுத்து வந்தது. ஹோம்ஸ் அதை வைத்துக்கொள்ளவில்லை. 6, 81 இரண்டையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கினார். பழைய அட்டவணைப்படி கொடுத்தது 1785 புள்ளி, வாங்கியதும் ஏறக்குறைய அதே அளவு. முப்பது ஆண்டு கழித்தும் பேரம் மெக்காயின் கோட்டிலேயே நடக்கிறது! பட்டியல்படி சரிசமம், உண்மை மதிப்பில் டெட்ராய்ட்டுக்கு லாபம். 12-இல் ஜமீர் கிப்ஸ் கிடைத்தார். 34-இல் எடுத்த சாம் லபோர்ட்டா அந்த ஆண்டே 86 பந்துகளைப் பிடித்து, டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்) இடத்தில் புதியவர்களுக்கான சாதனையை முறியடித்தார்.

எல்லா முறையும் அவர் இப்படி இறங்கிப் போனதில்லை. 2022-இல் ஜேமிசன் வில்லியம்ஸுக்காக மேலே ஏறினார். அது தேவையற்ற விலை என்று அப்போதே நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

2024 ஜனவரியில் லயன்ஸ் 24–23 என்று ராம்ஸை வென்றது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதல் பிளேஆஃப் வெற்றி. எதிரணியில் பந்தை வீசியவர் ஸ்டாஃபோர்ட். அடுத்த சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி.

வெற்றி வந்ததும் கணக்கு திரும்பிக்கொள்கிறது. 2021-இன் நான்காம் சுற்றில் கிடைத்த அமான்-ரா செயின்ட் பிரவுனுக்கு 2024-இல் நான்கு ஆண்டுக்கு 120 மில்லியனுக்கு மேல் புதிய ஒப்பந்தம், பெனே சீவெலுக்கு 112, கோஃபுக்கு 212. மலிவு ஒப்பந்தங்கள் தந்த மிச்சம் அங்கேயே கரைகிறது. 2025 டிராஃப்டில் டெட்ராய்ட்டின் முதல் பிக் 28-ஆவது. அட்டவணைப்படி 660 புள்ளி.