ஏற்காடு ஏறும் முன் பையை எடை போட்டுப் பாருங்கள்

வீட்டு வாசலில் நின்று தூக்கிப் பார்த்தால் எந்தப் பையும் கனமாகத் தெரியாது. "பரவாயில்ல, தூக்கிரலாம்" என்று மலையேற நடக்கிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். சேலத்தில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு அதன் விளைவு திங்கட்கிழமை தெரியும். முட்டி வலி, தோள்பட்டை இறுக்கம், சிலருக்கு விரல் மரத்துப்போய்க்கூட இருக்கும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரம் ஏறுகிறோம். ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் நின்று இளைப்பாறுவோம். இறங்கும்போது அந்தத் தொல்லை இல்லை என்று வேகமாக வந்துவிடுகிறோம், ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசைதான் உடம்பையும் பையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிறது, அந்த அழுத்தம் முழுக்க முட்டிச் சிப்பிக்குப் பின்னால் போய் விழுகிறது. முட்டிக்கு இறக்கம்தான் ஆபத்து.

பொதுவாகச் சொல்கிற அளவு இது: ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் 10 சதவீதம், இரவு தங்குகிற பயணமென்றால் 20 சதவீதத்தைத் தாண்டாமல். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. ஏற்கெனவே முட்டித் தொந்தரவு இருந்தால் இன்னும் குறையுங்கள். எடை பார்க்கும் மெஷினில் பையை மாட்டிக்கொண்டு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை நின்றாலே கணக்கு தெரிந்துவிடும்.

குறைக்க ஆரம்பிக்கும்போது பலர் சோப்பு, சீப்பு என்று சின்னச் சாமான்களை எடுத்துப் போடுகிறார்கள். அதில் என்ன மிச்சமாகும்? முதலில் காலிப் பையைப் பாருங்கள். ஃப்ரேம் வைத்த பெரிய ட்ரெக்கிங் பை வெறுமனே 2 கிலோ வரும், பெரிதாக இருப்பதாலேயே அதை நிரப்பவும் தோன்றும். ஒரு நாளைக்கு 20, 25 லிட்டர் பை தாராளம். அதைவிடப் பெரியது தேவையென்றால் இடுப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள், அந்தப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் தோள் பட்டையைச் சரிசெய்யுங்கள். பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும்.

அடுத்து ஷூ. காலில் இருக்கிற எடை, முதுகில் அதே எடை இருப்பதைப் போல 4 முதல் 6 மடங்கு சக்தியைத் தின்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எஸ்டேட் பாதையில் நடக்க கனமான லெதர் பூட்ஸ் எதற்கு? அடிப்பாகம் வழுக்காத, இலேசான ஷூ போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சீக்கிரம் காயாது, அந்த ஈரத்தோடு சேர்வராயன் கோயில் உச்சியில் காற்று வாங்கினால் உடம்பு நடுங்கிப்போகும். பாலியஸ்டர் டிராக் பேன்ட் இலேசு, சட்டென்று காய்ந்துவிடும்.

இலேசாகப் போகிறேன் என்று தண்ணீரைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2 லிட்டர் என்றால் 2 கிலோதான், சுமந்துதான் ஆக வேண்டும். மழைக்கோட்டு, டார்ச், ஓஆர்எஸ் பாக்கெட், தினமும் சாப்பிடுகிற மாத்திரை இவற்றிலும் கை வைக்காதீர்கள்.

அந்த மரத்துப்போதல் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டை தோளை நெடுநேரம் அழுத்தினால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புப் பின்னல் நசுங்கும். நடக்கும்போதே விரல் குறுகுறுவென்றால் உடனே பையை இறக்கிவிடுங்கள். மறுநாளும் மரத்திருந்தால், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனால், தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நின்றால், எண்ணெய் போட்டு நீவவோ சுளுக்கு எடுக்கவோ போகாமல் நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.