ஒரு கப் துருவிய சீஸில் காற்று எவ்வளவு?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ரொறன்ரோவிலுள்ள மகள் அனுப்பிய மக்கரோனிச் சமையற்குறிப்பில் ‘துருவிய செடார் சீஸ் 2 கப்’ என்றிருக்கிறது; இங்கே சீஸ் கட்டியாக, கிராம் கணக்கில்தான் கிடைக்கிறது; எவ்வளவு வாங்குவது?

சுமார் 225 கிராம் வேண்டும். அமெரிக்கக் கப் ஒன்று (கனடாவின் கப் சற்றே பெரிது) ஏறத்தாழ 237 மில்லிலீற்றர் கொள்ளும். கரட் துருவும் பெரிய கண்ணில் துருவிய செடாரை அதில் அமத்தாமல் நிரப்பினால் 113 கிராம் வரும் என்பது சமையல் நூல்களின் வழமையான கணக்கு. 200 கிராம் கட்டி ஒன்றோடு சமாளித்தாலும் மக்கரோனி கோபிக்காது.

இந்த 113 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செடார்த் துண்டொன்றைத் தண்ணீரில் போட்டால் தாழும், ஏனெனில் அதன் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.1 கிராம் அளவில் இருக்கிறது. ஆகவே இடைவெளியின்றி அடைத்தால் அதே கப்பில் 260 கிராம் அடங்கியிருக்க வேண்டும். அடங்குவதோ அதில் பாதிக்கும் குறைவு. மிகுதிக் கனவளவு முழுவதும் காற்று.

சுண்டால் அரிசி அளக்கும்போது நமக்கு இந்தத் தொல்லை இல்லை. குறுகிய மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டும் வழுக்கியும் இடைவெளிகளுக்குள் விழுந்துவிடும். ஒரே அளவான உருண்டைகளை எழுந்தமானமாகக் கொட்டிக் குலுக்கினால் கொள்கலத்தின் 64 சதவீதம்வரை நிரம்பும். நீண்ட பொருளின் கதை வேறு. ஒரு பிடி ஈர்க்கைக் கட்டாகக் கட்டினால் கைக்குள் அடங்கும். அதையே விளக்குமாற்றிலிருந்து உருவி, தாறுமாறாகக் கடகத்துக்குள் எறிந்து பாருங்கள், கடகம் நிரம்பி வழியும், உள்ளே பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். கீழே இடமிருப்பது தெரிந்தும் ஓர் ஈர்க்கால் அங்கே போக முடியாது, ஏனெனில் போவதற்கு அது திரும்ப வேண்டும், திரும்புவதற்கு அயலிலுள்ள நாலைந்து ஈர்க்குகள் விலக வேண்டும், அவற்றையோ வேறு ஈர்க்குகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று மறித்தபடி, காற்றைச் சிறைப்பிடித்துக்கொண்டு நிற்கும். சீஸ் துருவலும் அப்படியே நிற்கிறது. 1996இல் நெதர்லாந்தின் பிலிப்சே என்ற ஆய்வாளர் இதற்கு எளிய கணக்கொன்றைக் காட்டினார்: நீளம் தடிப்பைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணால் 5ஐச் சற்றே மிஞ்சிய ஓர் எண்ணை வகுத்தால், எழுந்தமானமாகக் கொட்டிய நீண்ட கோல்கள் நிரப்பும் பங்கு கிடைக்கும். 10 மடங்கானால் பாதியளவு, 20 மடங்கானால் கால்வாசி. அடுக்களைத் துருவி ஒன்றை இவ்வளவு அழகாக விளக்கும் வேறு சமன்பாட்டை நான் அறியேன்.

ஆகவே நீளம் குறையாமல் மெல்லிதாகத் துருவத் துருவக் கப்பின் நிறை குறையும். சீஸ் தூளாக உதிர்ந்துவிட்டாலோ துணிக்கைகள் குறுகியவையாகி நிறை மீண்டும் ஏறும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் துருவினால் இழைகள் விறைத்து நிற்கும்; நம் சித்திரை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் அவை துவண்டு, ஒட்டி, குவியல் இறங்கிவிடும்.

நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்கும் வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் இன்னாரின் கைராசியால் மூடை பெருகும் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். உயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் இறுகும், மெதுவாகச் சரித்தால் தளரும், ராசியின் இரகசியம் அவ்வளவுதான். இதை ஒரு தராசும் ஒரு பேணியும் கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். நான் படித்த பள்ளிக்கூடத்திலோ தராசு அலுமாரிக்குள் பூட்டியே கிடந்தது.

வாசகிக்கு என் யோசனை, 100 கிராமை ஒரு தடவை நிறுத்துத் தன் துருவியில் துருவி, தன் ரம்ளரில் எதுவரை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது. நான் பார்த்தபோது அது 200 மில்லிலீற்றர் ரம்ளரின் விளிம்புக்கு மேல் குவிந்து நின்றது. பெருவிரலால் ஒரு தரம் அமத்தினேன், விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டது.