நிறம் ஏன் கோட்டைத் தாண்டுவதில்லை?

"ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மர அச்சுப் படங்களில் இத்தனை நிறங்கள் இருந்தும் கோட்டைத் தாண்டாமல் நிற்கின்றனவே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அவர் பார்த்தது 1830களில் வந்த பட வரிசை. 13ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா தொகுத்ததாகச் சொல்லப்படும் நூறு பாடல்களை ஒரு செவிலித்தாய் விளக்குவதுபோல் ஹொகுசாய் வரையத் தொடங்கினார். 27 படங்கள்தான் அச்சாயின. முதல் பாடல் பேரரசர் தென்ஜியுடையது: வயல் குடிசையின் கூரை வழியே பனி ஒழுகி, காவல் இருப்பவரின் சட்டைக் கை நனைகிறது. ஹொகுசாய் அதை உழவர்கள் நடமாடும் வயலாக்கிவிட்டார்.

செய்முறை தெரிந்ததுதான். ஓவியத்தைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுச் செதுக்குவார்கள். அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை. ஈரத்தாளை ஒவ்வொன்றின் மீதும் வைத்துத் தேய்க்க வேண்டும்.

சரி, தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எப்படி உட்காருகிறது? என்னைக் கிறங்கடிக்கும் இடம் இதுதான். பலகையின் ஓரத்தில் 'கென்டோ' என்று இரண்டு சிறு வெட்டுகள்: மூலையில் 'ட' வடிவில் ஒன்று, அதே விளிம்பில் தள்ளி நேர்கோடாக ஒன்று. தட்டையாகக் கிடக்கும் தாள் மூன்று விதமாகத்தான் விலக முடியும்: இடவலமாக, மேல்கீழாக, அப்புறம் சுழன்று. 'ட' இரண்டு பக்கம் தடுக்கிறது, நேர்கோடு சுழற்சியைத் தடுக்கிறது. மூன்று நகர்வு, மூன்று தடுப்பு. நான்காவதாக ஒன்று வைத்தால், ஈரத்தில் சற்றே விரிந்த தாள் இடுக்கில் மாட்டி மடங்கிவிடும். இரண்டு வெட்டுகளும் தள்ளித் தள்ளி இருப்பதும் காரணமாகத்தான்: அருகருகே இருந்தால் இங்கே வரும் மயிரிழைப் பிசகு தாளின் மறுகோடியில் பெரிதாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோட்டுப் பலகையில் எடுத்த அச்சுகளில் கென்டோவும் பதிந்திருக்கும். அவற்றையே மற்றப் பலகைகளில் ஒட்டிச் செதுக்குவதால், அளவுகோல் வைத்து அளக்காமலே குறி எல்லாப் பலகைக்கும் போய்ச் சேர்கிறது.

இதைக் கைராசி என்று சொல்லி முடித்துக்கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. கைத்திறன் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தக் கைக்கு வழிகாட்டுவது வடிவியல். பள்ளியில் வடிவியல் நடத்தும்போது இதைக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தாள் காய்ந்தால் சுருங்கும். அதனால் அடுக்கை ஒரே ஈரத்தில் வைத்திருப்பார்கள். மரமும் ஈரம் குடித்து உப்பும். அப்போது நிறம் விலகினால் பலகையைத் திரும்பச் செதுக்க வேண்டியதில்லை. அச்சிடுபவர் கென்டோவை உளியால் துளி சீவுவார், அல்லது மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் செருகுவார்.