'ஸ்ட்ரெஸ்': தகைப்பா, நெருக்கீடா?

மட்டக்களப்பில் உயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லை மூன்று தமிழ்ச் சொற்களாகச் சந்திக்கிறார். பௌதிகவியல் பாடத்தில் அது தகைப்பு; உளநல மருத்துவர் பேசும்போது நெருக்கீடு; பத்திரிகையில் மன அழுத்தம். மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணி ஆய்வேட்டில் மாற்றி மாற்றி எழுதுவதனால் எவ்வளவு குழப்பம் விளைகிறது என்பதை, மாணவர்களின் ஆய்வுக் குறிப்பேடுகளைத் திருத்திய பழக்கத்தினால் அறிவேன்.

சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். இலத்தீனில் 'ஸ்ட்ரிங்கெரே' என்றால் இறுகக் கட்டுதல், நெருக்குதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் ஒடுக்கம், இடுக்கண் என்னும் பொருளுடைய ஒரு சொல் பிறந்து, இடைக்கால ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' ஆயிற்று. துன்பத்தைக் குறிக்கும் 'டிஸ்ட்ரெஸ்' இதன் உடன்பிறப்பு. பாக்கு நீரிணையின் ஆங்கிலப் பெயரில் வரும் 'ஸ்ட்ரெயிட்' என்பதும் அதே வேரினதுதான். இரு கரைகளும் நெருங்கி இறுக்கிய கடல் என்பது அதன் பொருள்.

பௌதிகவியலில் இச்சொல்லின் பொருள் திட்டமானது. கம்பி ஒன்றை இழுக்கும்போது அதன் குறுக்குவெட்டின் ஓரலகுப் பரப்பில் தொழிற்படும் விசை தகைப்பு. அதனால் கம்பியின் நீளத்தில் ஏற்படும் சார்பு மாற்றம் விகாரம். ஒன்று காரணம், மற்றது விளைவு. உயிரியலுக்குள் இச்சொல்லைக் கொண்டுவந்தவர்களில் தலையாயவரான ஹான்ஸ் செலியே இந்த எல்லையை மீறினார். வியன்னாவில் 1907இல் பிறந்து கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு செய்த அவர், 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என எதற்கு உட்படுத்தினாலும் எலிகளின் அதிரீனல் சுரப்பி பெருக்கிறது, தைமசுச் சுரப்பி சுருங்குகிறது, இரைப்பையில் புண் உண்டாகிறது என்பதே அதன் சாரம். கடிதத்தின் தலைப்பில் 'ஸ்ட்ரெஸ்' இல்லை. பின்னரே அச்சொல்லை, வெளியிலிருந்து வரும் தாக்கத்துக்கு அல்லாமல் உடலின் எதிர்வினைக்குப் பெயராக அவர் நிலைநாட்டினார். தாக்கத்தைக் குறிக்க 'ஸ்ட்ரெஸ்ஸர்' என்று வேறொரு சொல்லை ஆக்க நேர்ந்ததும் இதனால்தான். பௌதிகவியல் முறைப்படி அவர் கண்டது விகாரம். ஆனால் 'மன விகாரம்' என்று தமிழில் எழுதினால் என்ன பொருள்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் ஒரே சொல்லைத் தேடுவதுதான் பிழை என்பது என் கருத்து. 'தகைதல்' என்றால் தடுத்தல், கட்டுதல். கல்வித் தகைமை என்னும்போது வரும் 'தகை' தகுதியைச் சுட்டும். அதனோடு இதனை மயக்கிக்கொள்ளலாகாது. வெளியிலிருந்து வந்து வளர்ச்சியைத் தடுக்கும் காரணியைக் குறிக்கத் தகைப்பு மிகப் பொருந்தும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வட்டையில், அதாவது வயல்வெளியில், நீர் வற்றும்போது நண்பகலில் நெல்லிலை குழல்போலச் சுருள்கிறது. இலையின் மேற்புறத்திலுள்ள பெருங்கலங்கள் (பெரிய உயிரணுக்கள்) நீரிழந்து சுருங்குவதே காரணம். அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன், இலையின் நுண்துளைகளான இலைவாய்களை மூடச்செய்கிறது. இங்கே நீர்ப் பற்றாக்குறை தகைப்பு. சுருளலும் மூடலும் பயிரின் துலங்கல்கள், அதாவது எதிர்வினைகள். மனிதரிலும் விலங்கிலும் செலியே குறித்த அகநிலைக்கோ நெருக்கீடு என்பதே பொருத்தம். இலத்தீன் வேரின் பொருளும் அதில் அப்படியே இருக்கிறது. 'ஸ்ட்ரெஸ்ஸர்' நெருக்கீட்டுக் காரணி ஆகும். மன அழுத்தம் என்பதைச் சிலர் மனச்சோர்வு நோய்க்கும் வழங்குவதால் ஆய்வெழுத்தில் அதனைத் தவிர்ப்பேன்.

செலியே தம் சொல்லோடு மாணவர்களையும் விட்டுச் சென்றார். அவரிடம் 1953இல் கலாநிதிப் பட்டம் பெற்ற ரோஜர் கியோமன், மூளையின் ஓமோன்களை ஆராய்ந்து 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கியோமனிடம் பயின்ற வைலி வேல், நெருக்கீட்டின்போது உடலின் ஓமோன் தொடரைத் தொடக்கி வைக்கும், 41 அமினோ அமிலங்கள் கொண்ட பொருளின் அமைப்பை 1981இல் தம் குழுவினரோடு கண்டறிந்தார். இவ்வாறு ஆளாக்குபவரை நம் பல்கலைக்கழகங்களில் மேற்பார்வையாளர் என்கிறோம்; அது பதவியின் பெயர். ஆளாக்குபவரை ஆங்கிலத்தில் குறிக்கும் 'மென்ரர்' என்பது, கிரேக்கக் காப்பியத்தில் இளவரசனுக்குத் துணைநின்ற முதியவரின் பெயர். அதற்கு வழிகாட்டி என்பதே போதும். ஆற்றுப்படுத்துநர் என்பது இன்னும் அழகானது, எனினும் உளவளத்துணையோடு ('கவுன்செலிங்') அது இங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

செலியேயின் கடிதம் வெளிவந்த அதே 1936இல், சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். அவர் பிறந்த மண்ணின் மாணவி ஒருவர், உவர்நீரில் வளர்த்த நெல் நாற்றுகளைப் பற்றித் தம் குறிப்பேட்டில் “ஏழாம் நாள் ஸ்ட்ரெஸ் கொடுத்தேன், ஸ்ட்ரெஸ் வந்தது” என்று எழுதியிருந்தார். பென்சிலால் இரண்டு 'ஸ்ட்ரெஸ்'களையும் வட்டமிட்டு, “கொடுத்தது எது, வந்தது எது?” என்று ஓரத்தில் கேட்டேன். அடுத்த வாரம் அப்பக்கம் இரண்டு நிரல்களாகியிருந்தது: இடப்புறம் உவர்த் தகைப்பு, வலப்புறம் இலைநுனி கருகல்.