எடைக்குப் போடுவதற்கு முன்னால்

பழைய புத்தகங்களை வாங்கி விற்பவன் நான். போன ஆடி மாதம் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவர் காலமாகி வருடம் திரும்பிவிட்டது, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறோம், புத்தகங்களை எடுத்துக்கொள்ள முடியுமா என்று மகன் தொலைபேசியில் கேட்டிருந்தார். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் முழு வரிசை, முதுகில் பொன்னெழுத்து மின்ன நின்றது. “இதற்கு மட்டும் நல்ல விலை சொல்லுங்கள். அப்பா தவணை கட்டி வாங்கியது” என்றார். அதை நான் எடுக்க முடியாது என்றதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. என்ன செய்ய? கலைக்களஞ்சியம் கேட்டு என் கடைக்கு ஆள் வந்து பல வருடங்கள் ஆகின்றன. பத்தடிக்கு எட்டடிக் கடையில் அதை வைத்தால் ஒரு சுவர் போய்விடும்.

வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசோடு தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு. பிரித்துப் பார்த்தேன். 1950களின் வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து, அட்டை வைத்துத் தைத்த பைண்டுகள், பதினொன்று. “அதெல்லாம் குப்பை சார், பாட்டி சேர்த்து வைத்தது” என்றார் மகன். ஒரு பைண்டின் நடுவில் நான்கு பக்கங்கள் மட்டும் கோடு போட்ட நோட்டுத்தாள். அந்த வாரம் இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. யாரிடமோ இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தை நீல மையில் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறார் பாட்டி. படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ‘படம்: குதிரை மேல் இருவர்’ என்று குறித்திருந்தார். அந்தக் கட்டுக்கு நான் மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். தராசில் ஏறியிருந்தால் நூறு ரூபாய் தேறியிருக்காது.

இருபத்திரண்டு வருடமாகத் திருவல்லிக்கேணியில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீடுகளில் எது தங்கம், எது தகரம் என்று நினைத்து வைத்திருக்கிறார்களோ, பாதி நேரம் அது தலைகீழாகத்தான் இருக்கிறது. தடித்த அட்டைச் சட்டப் புத்தகங்கள், பழைய கணினிப் பாடங்கள், சென்ற தலைமுறையின் மருத்துவ நூல்கள் எல்லாம் அநேகமாக எடைக்குத்தான். தொடர்கதை பைண்டு, கோயில் கும்பாபிஷேக மலர், ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை, நாடக நோட்டீஸ், சமையல் குறிப்புத் துண்டுப் பிரசுரம் ஆகியவற்றைத்தான் ஆராய்ச்சி மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். புத்தகமாக வந்த கதையில் இதழின் ஓவியங்கள் பெரும்பாலும் இருக்காது, பக்க ஓரத்து விளம்பரங்கள் இருக்கவே இருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது.

பழைய புத்தகம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘ந.பை.’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. நயா பைசா என்ற பெயர் அந்த ஏழு வருடம்தான் வாழ்ந்தது. பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. வெறும் ‘சென்னை-5’ என்றிருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு. லை, னை எழுத்துகளில் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவு இருந்தால், 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானது அல்லது அதை ஏற்காத அச்சகத்தில் அச்சானது.

மிகப் பழைய நூல்களில் ஆங்கில ஆண்டே இருக்காது. ‘ஜய வருஷம் தை மாதம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவது. ஜய என்றால் 1894-95ஆகவும் இருக்கலாம், 1954-55ஆகவும் இருக்கலாம். தொடக்கத்தில் ஒரு வைத்திய நூலை 1894 என்று நம்பிப் பெரிய விலைக்கு வாங்கினேன். அதே புத்தகத்தின் கடைசிப் பக்க விளம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று சிரித்துக்கொண்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அன்றிலிருந்து கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

இப்போது பராமரிப்பு. கிழிந்த பக்கத்துக்கு தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் டேப் உரிந்து போகும், அதன் பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். அதை நீக்க எனக்குத் தெரிந்து எளிய வழி கிடையாது. லாமினேஷன் அதைவிட மோசம். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும் என்று எங்கள் பழைய பைண்டர்கள் செய்வார்கள், ஆனால் பசை அதிகமானால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும். அந்தப் பூச்சி கதையைத் தின்பதில்லை, மாவுப்பசையைத்தான் தேடி வருகிறது. அந்துருண்டையைக் கைநிறைய அள்ளிப் போட்டு மூடிவைத்த அலமாரிகளை எத்தனையோ வீடுகளில் திறந்து மூச்சடைத்து நின்றிருக்கிறேன். அந்த நெடி மனிதர்களுக்கும் கெடுதல், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி அலமாரியை வைத்து, மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வையுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த புத்தகங்களோடு எத்தனையோ பேர் வந்தார்கள். பலரும் செய்த தவறு ஒன்றுதான்: மொட்டைமாடியில் கொளுத்தும் வெயிலில் காயப்போட்டது. தாள் முறுகி, அட்டை வளைந்து, முதுகு விட்டுப்போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்திக் காயவையுங்கள். இடையில் அச்சில்லாத உறிஞ்சுதாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்பான தாள் புத்தகமாக இருந்தால் அவசரம். மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாதென்றால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காமல் சில நாள் தள்ளிப்போடும். வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சில விஷயங்களை நான் வாங்குவதில்லை. நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டதற்கான முத்திரை இல்லாத புத்தகம். ஓரம் மங்கி, எழுத்து கசிந்த திருட்டுப் பிரதி. நல்ல பிரதியைப் படித்துவிட்டு விற்பது சட்டப்படி சரி, கள்ளப் பிரதியை விற்பது குற்றம். ஓலைச்சுவடி. யாராவது பரண்மேல் சுவடிக்கட்டு கிடைத்ததாகக் கொண்டுவந்தால், எண்ணெய் தடவாமல், கயிற்றை அவிழ்க்காமல், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கோ, தஞ்சைப் பக்கம் என்றால் சரசுவதி மகாலுக்கோ எடுத்துப்போகச் சொல்கிறேன். வியாபாரம் போகிறதே என்று உதவிக்கு இருக்கும் பையன் முறைப்பான். முறைக்கட்டும்.

எந்தப் புத்தகத்தையும் யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஒருமுறை உதறிவிட்டுக் கொடுங்கள். நம் வீடுகளில் புத்தகம்தான் பெட்டகம். அடகுக்கடை ரசீது, ஜாதகம், பத்திர நகல், மணியார்டர் கூப்பன், முன்கோபத்தில் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் என எல்லாம் விழுந்திருக்கின்றன. செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஆறு ஒரு பகவத்கீதையிலிருந்து விழுந்தன. சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மாம்பலத்து மகன் மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். பாட்டியின் கையெழுத்துப் பக்கங்கள் விற்றுவிட்டதா என்று கேட்டார். அந்த பைண்டு விற்கவில்லை, தனியாக எடுத்து வைத்திருந்தேன். விலை என்ன என்றார். கொடுத்த கணக்கில் பதினொன்றில் ஒரு பங்கு, இருநூற்று எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். அவர் நின்றபடியே அந்த நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, அடுத்த வாரக் கதை எதில் இருக்கிறது என்று கேட்டார். மற்ற பத்தும் காரைக்குடிப் பக்கம் ஒருவருக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தன.