டிஷ்யூ ஒட்டினால் நிழல் கரையாது

வீட்டிலிருந்தே நகை, ஊறுகாய், பாத்திரம் விற்பவர்கள் படமெடுக்க என்னிடம் வரும்போது, பெரும்பாலும் ஒரு முயற்சியை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஃபிளாஷின் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சம் குறைந்திருக்கும், நிழல் மட்டும் அதே கூர்மையோடு விழும்.

நிழலின் ஓரம் கரைய வேண்டுமென்றால், பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று அங்குல ஃபிளாஷின் மேலேயே பேப்பரை ஒட்டினால் பரப்பு அப்படியேதான் இருக்கும். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனாலும் தொலைவில் சின்ன வட்டமாகத் தெரிவதால் வெயிலில் நிழல் கூராக விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது.

சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் வெள்ளைத் துணி விரித்த பெட்டி) வாங்கும் முன் ஒரு வெள்ளை வேட்டியை எடுங்கள். கரை ஒதுங்கும்படி கொடிக்கயிற்றில் சுருக்கமில்லாமல் தொங்கவிட்டு, இரண்டடி பின்னால் எல்இடி பல்பை வையுங்கள். துணியின் நடுவில் மட்டும் வட்டமாகப் பளிச்சிட்டால் பல்பை இன்னும் பின்னுக்கு நகர்த்துங்கள். பொருளை, படத்துக்குள் வேட்டி வராத அளவுக்கு, துணியை ஒட்டியே வையுங்கள்.

எவர்சில்வர் சொம்பில் வித்தியாசம் உடனே தெரியும். வெறும் பல்பில் அதன் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கறுப்பு. நடுவே வேட்டி வந்ததும் அந்தப் புள்ளி அகன்ற வெள்ளைப் பட்டையாகிவிடும். சொம்பின் வளைவும் பிடிபடும். மறுபக்கம் இருட்டடித்தால் டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை நிறுத்தினால் போதும்.

பட்டுப்புடவைக்கு மட்டும் இதை அளவோடுதான் செய்வேன். எல்லாப் பக்கமும் மென்மையாக்கினால் ஜரிகை செத்துவிடும். ஒரே பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரட்டும்.

அப்புறம், நீலம் தூக்கலாகப் போட்ட வேட்டி படத்தில் நீலச் சாயல் காட்டும். பழுப்பேறிய பெட்ஷீட் மஞ்சளடிக்கும். தங்க நகை விற்பவருக்கு இது 'படத்தில் வேற கலர்' என்ற சண்டையில் போய் முடியும்.

பழைய கல்யாண வீடியோ ஹாலஜன் விளக்கு கையில் இருந்தால் தயவுசெய்து இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவை 1000 வாட் வரை இருக்கும்; அதன் கண்ணாடிக் குழாய் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். தெர்மாகோல் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், துணி பற்றிக்கொள்ளும். எல்இடி என்றாலும் துணியைப் பல்பின் மேல் சுற்ற வேண்டாம். அதன் கழுத்துப் பகுதி சூடாகும், அதற்குக் காற்று வேண்டும்.