சர்க்கரை 0 உள்ளவருக்கு நீரிழிவா? எல்லைக்கோட்டை வரைந்து பாருங்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "அண்ணா, துல்லியம் கிட்டத்தட்ட நூறு சதவீதம் வருது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. யாருக்கு நீரிழிவு வரும், யாருக்கு வராது என்று கணிக்கிற ஒரு பயிற்சி மாடல் அது. "சரி தம்பி, மாடலோட பதில் எங்கே மாறுதுன்னு எல்லைக்கோட்டை வரைஞ்சு காட்டுங்க, பார்ப்போம்" என்றேன். வரைந்தார். படத்தின் இடது ஓரத்தில், சற்று மேலே, சிவப்பாக ஒரு திட்டு. நீரிழிவு வரும் என்று மாடல் சொல்கிற பகுதிக்குத்தான் சிவப்பு கொடுத்திருந்தார். அந்தத் திட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் ரத்த சர்க்கரையின் அளவு 0.

உயிரோடு நடமாடும் யாருக்கும் சர்க்கரை 0 இருக்காது. இதை நூறு சதவீதத் துல்லியம் சொல்லவில்லை. படம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டது.

மெஷின் லேர்னிங் படிக்கும் பலரும் கைவைத்திருக்கும் டேட்டாதான் அது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் வாழும் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் பரிசோதனை விவரங்கள். எல்லோரும் 21 வயது நிறைந்தவர்கள். பரிசோதனை நாளில் யாருக்கும் நீரிழிவு இல்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் 268 பேருக்கு வந்துவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்சுலின், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ, வயது என்று ஆளுக்கு எட்டு அளவுகள். இதில் அளவு கிடைக்காத இடங்களில் 0 என்று போட்டுவைத்திருக்கிறார்கள். இன்சுலினில் மட்டும் 374 பேருக்கு 0. பிஎம்ஐயில் 11 பேருக்கு. சர்க்கரையில் ஐந்து பேருக்கு. அந்த ஐந்து பேரில் இருவருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது, அவர்களுடைய பிஎம்ஐ 39, 41. தம்பியின் படத்தில் இருந்த சிவப்புத் திட்டு இந்த இரண்டு பெண்கள்தான்.

எல்லைக்கோடு என்பது பெரிய மர்மம் இல்லை. மாடல் ஒரு பக்கம் "வரும்" என்கிறது, இன்னொரு பக்கம் "வராது" என்கிறது. எந்த இடத்தில் பதில் மாறுகிறதோ அதுதான் எல்லை. அதை வரைவதும் எளிது. படுக்கை அச்சில் சர்க்கரை, நெட்டச்சில் பிஎம்ஐ. ஒவ்வொன்றையும் 300 பாகமாகப் பிரித்தால் 90,000 புள்ளிகள் கொண்ட ஒரு வலை கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டு மாடலிடம் கேட்க வேண்டும்: இவருக்கு வருமா, வராதா? வந்த பதிலுக்கு ஏற்ப நிறம் தீட்டி, அதன் மேல் உண்மையான ஆட்களை, நோய் வந்தவர் சிவப்பு, வராதவர் நீலம் என்று புள்ளிகளாகத் தூவினால் படம் தயார். பைத்தான் மொழியின் கருவிகளான நம்பை, மேட்பிளாட்லிப் இரண்டும் தெரிந்தால் பத்து வரி. மெஷின் லேர்னிங் கருவியான சைக்கிட்-லேர்னில் 1.1 பதிப்பிலிருந்து இதற்கென்றே தயாராக ஒரு வசதியும் இருக்கிறது.

வலைக்கு இடைவெளியைக் கையால் கொடுக்காதீர்கள். பூ இதழ் அளவுகளை வைத்து எழுதிய பழைய பாடங்களில் 0.02 என்று இருக்கும். சென்டிமீட்டருக்கு அது சரி. அதே எண்ணை நான் ஒரு முறை சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் அப்படியே போட்டுவிட்டேன். இன்சுலின் 846 வரை போகிறது, சர்க்கரை 199 வரை. கணக்குப் போட்டால் 42 கோடிப் புள்ளிகளுக்கு மேல். மெஷின் உறைந்து நின்றது, சேமிக்காத வேலை போயிற்று. எத்தனை பாகம் என்று மட்டும் சொல்லுங்கள், இடைவெளியை அது பார்த்துக்கொள்ளும்.

தம்பியின் படத்தில் திட்டு அது ஒன்று மட்டும் இல்லை. படம் முழுக்கத் தீவுகள். நீலத்துக்கு நடுவில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றிச் சின்னதாகச் சிவப்பு வட்டம். சிவப்புக்கு நடுவில் அதே மாதிரி நீலம். அவர் எடுத்திருந்தது பக்கத்து ஆளைப் பார்த்துப் பதில் சொல்கிற முறை. ஒரே ஒரு பக்கத்து ஆளைக் கேட்கும்படி வைத்திருந்தார். பயிற்சி கொடுத்த அதே ஆட்களை வைத்துத்தான் துல்லியத்தையும் பார்த்திருந்தார்; அவர்களில் ஒவ்வொருவருக்கும் மிக அருகில் இருப்பவர் அவரே. அப்புறம் நூறு சதவீதம் வராமல் என்ன செய்யும்? ஒன்றை 15 ஆக மாற்றச் சொன்னேன். தீவுகள் கரைந்தன, எல்லை ஓரளவு சீராக ஓடியது. துல்லியம் இறங்கியது. தம்பிக்கு மனம் வரவில்லை. இறங்கிய எண்தான் உண்மைக்கு நெருக்கமான எண் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்போது இன்னொன்றும் சொன்னேன்: எதையுமே பார்க்காமல் எல்லோருக்கும் "வராது" என்று சொன்னால்கூட இந்த டேட்டாவில் 65 சதவீதம் சரியாக வரும். 768 பேரில் 500 பேருக்கு வரவில்லையே.

எல்லையின் வடிவம் மாடலின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். அளவுகளை எடைபோட்டுக் கூட்டிச் சாத்தியம் சொல்லும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்றால் நேர்கோடு. ஒவ்வொரு அளவாகக் கேள்வி கேட்டுப் பிரியும் முடிவு மரம் என்றால் படிக்கட்டு மாதிரி, அச்சுகளுக்கு இணையாக உடைந்து உடைந்து போகும். பக்கத்து ஆளைப் பார்க்கும் முறையில் எல்லை செங்குத்தாகப் பட்டை பட்டையாக வந்தால் உடனே ஒன்றைச் சந்தேகப்படுங்கள்: அளவுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவர மறந்திருப்பீர்கள். உறவினர்களில் யாருக்கெல்லாம் நீரிழிவு என்பதை வைத்துப் போட்ட குடும்ப வழி எண் என்று இந்த டேட்டாவில் ஒன்று இருக்கிறது; அதை நெட்டச்சில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டரையைக்கூடத் தாண்டாது. சர்க்கரையோ 199 வரை போகிறது. தூரத்தைக் கணக்கிடும்போது சர்க்கரை மட்டுமே பேசும், குடும்ப வழியின் குரல் கேட்கவே கேட்காது. அதுதான் பட்டையாகத் தெரிகிறது.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்காக இரண்டு அளவுகளை வைத்து வரைவது வேறு. நாம் உண்மையில் பயன்படுத்தும் மாடல் எட்டு அளவுகளையும் பார்க்கிறது. காகிதத்தில் எட்டுத் திசை கிடையாது. அதனால் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு அளவுகளை மட்டும் எடுத்து, அதில் புதிதாக ஒரு மாடலைப் பயிற்றுவித்து, அதன் எல்லையை வரைந்து, "இதுதான் எங்கள் மாடல்" என்று அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். அது உங்கள் மாடல் இல்லை. எட்டையும் இரண்டாகச் சுருக்கிவிட்டு அதில் மறுபடி பயிற்றுவித்தாலும் இதே கதைதான். டாக்டர் பார்ப்பது ஒரு மாடலின் படம், நோயாளிக்கு முடிவு சொல்வது வேறொரு மாடல்.

மற்ற ஆறு அளவுகளையும் நடு மதிப்பில் நிறுத்திவைத்துவிட்டு, உண்மையான மாடலிடமே கேட்டு வரையலாம். இது நேர்மையான வழி. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. இந்த டேட்டாவில் வயதின் நடு மதிப்பு 29. அப்படியென்றால் நீங்கள் வரைந்தது 29 வயதுப் பெண்ணுக்கான வரைபடம். அதன் மேல், பின்னாளில் நீரிழிவு வந்த 60 வயதுப் பெண்ணையும் ஒரு புள்ளியாகப் போட்டால், நீலத்தில் சிவப்புப் புள்ளியாக நிற்கக்கூடும், மாடல் தவறு செய்ததுபோலத் தெரியும். மாடல் அவருக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். அதனால் நான் ஒரே படமாக வரைவதில்லை. வயது 25, 40, 55 என்று மூன்று படம், ஒவ்வொன்றிலும் அந்த வயதை ஒட்டியவர்களை மட்டும் புள்ளியாகப் போடுவேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வயது ஏற ஏற எல்லை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்பது டாக்டர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எட்டுத் திசையிலும் வலை போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். நான்கு அளவுகளுக்கு, நூறு நூறு பாகமாகப் பிரித்தாலே 10 கோடிப் புள்ளிகள் ஆகிவிடும். வேண்டாம்.

நிறம் தீட்டுவதில் ஒரு பேச்சு. வெறும் சிவப்பு, நீலம் என்று இரண்டாகப் பிரித்தால், எல்லைக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் இருப்பவரும் ஆழமாக உள்ளே இருப்பவரும் ஒன்றாகத் தெரிவார்கள். நோய் வருவதற்கான சாத்தியத்தை மாடலிடம் கேட்டு வாங்கி 0.2, 0.5, 0.8 என்று மூன்று கோடு போடுங்கள். முன்கூட்டியே கண்டறியும் முகாம் என்றால் 0.5 கோட்டில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவரைத் தேவையில்லாமல் இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும், நோய் வரப்போகிற ஒருவரை "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்புவதும் சமமான தவறுகள் இல்லை. கோட்டை எங்கே வைப்பது என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். அவர் தீர்மானிக்கும்படி மூன்று கோடுகளையும் காட்டுவது நம் வேலை.

ஒரு கிளினிக்குக்காக இப்படி வரைந்த படத்தை அங்கிருந்த டாக்டரிடம் காட்டினேன். பழகுவதற்காக முதலில் இந்த பீமா டேட்டாவில்தான் செய்திருந்தோம். அவர் கோடுகளைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தில், சர்க்கரை 200-க்கு மேல் இருந்த அடர்சிவப்பில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் ஒருத்தர்கூட இல்லையே, அப்புறம் எப்படி இவ்வளவு அழுத்தமா நிறம் வந்துச்சு?" என்றார்.

சரியான கேள்வி. இந்த டேட்டாவில் சர்க்கரை என்பது குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுத்த அளவு; அது 200-ஐத் தொட்டாலே நீரிழிவு. பரிசோதனை நாளில் நீரிழிவு இல்லாதவர்களை மட்டும் எடுத்ததால், டேட்டாவில் சர்க்கரை 199-உடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மாடல் ஒரு ஆளைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நிறம் தீட்டுகிறது, அதுவும் எல்லைக்கு அருகில் இருப்பதைவிட அழுத்தமாக. கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக லாஜிஸ்டிக் ரிக்ரெஷனின் உறுதி ஏறிக்கொண்டே போகும். அங்கே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இங்கே சிவப்பு தற்செயலாகப் பொருந்திவிட்டது. இடது பக்கம் கீழே பாருங்கள் என்றேன். பிஎம்ஐ 23-க்குக் கீழே புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். டேட்டாவில் உள்ள பெண்களின் சராசரியே 32. ஆனால் நிறம் மட்டும் நல்ல அடர்நீலம், "வராது, வராது" என்று.

அவர் தலையை ஆட்டினார். அவரிடம் வருகிறவர்களில் ஒல்லியாக இருந்தும் நீரிழிவு வந்தவர்கள் நிறைய. ஆசிய மக்களுக்கு வழக்கமான 25 வரை காத்திருக்காமல் 23-லேயே கவனிக்கத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னதற்கு இதுதான் காரணம். அரிசோனாப் பெண்களிடம் கற்ற எல்லையை நம் ஊர் உடம்புக்குப் போட்டால், நம்மவர்களில் பலர் போய் விழுவது அந்த வெற்று நீலத்தில்தான்.

அன்றிலிருந்து, புள்ளி இல்லாத இடத்தில் நிறம் தீட்டுவதை விட்டுவிட்டோம். வலையில் ஒவ்வொரு புள்ளிக்கும் குறிப்பிட்ட தூரத்துக்குள் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்று எண்ணி, இல்லையென்றால் சாம்பல் நிறம். அந்த கிளினிக்கின் சொந்த டேட்டாவில் மாடல் ஓடத் தொடங்கியபோதும் அதே ஏற்பாடுதான். சாம்பலில் விழுகிறவர்களுக்கு மாடல் பதில் சொல்லாது, பெயர் தனிப் பட்டியலுக்குப் போகும். முதல் வாரம் அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தபோது டாக்டர் அதை வாங்கி, பேனாவால் மேலிருந்து ஒவ்வொன்றாகக் குறியிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லும்படி நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டார்.